பதினாறு

பகலில் இயந்திரம் பாலுக்குச் சொந்தம்.
வோரு பக்கத்துப் பதினொரு கூட்டுப்பண்ணைகள்:
கறந்தது, கடைந்தது, கொழுப்பு விழுக்காடு,
லாரியில் சிந்தியது என்று
மாலை ஏழுவரை அட்டைகளைத் தின்று தாள் துப்பும்.
ஏழுக்குப் பிறகு எனக்கு.
டார்ட்டுவின் பனி அதற்குள் ஜன்னலைப் பாதி மூடியிருக்கும்.
காவலாளி கல்யூ சாவியை மேசையில் வைத்து,
ரேடியேட்டர்மேல் காலுறையைக் காயப்போட்டு,
எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றுவார்.
பாலுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை.

என் வேலை சின்னது.
ஒரு கிண்ணம், அதில் ஓர் உருண்டை.
கிண்ணத்தின் வளைவு ஒரு பல்லுறுப்புக் கோவை, மூன்றாம் படி.
அதில் ஒரே ஒரு குணகத்தை மட்டும் திருகிக்கொண்டிருப்பேன்.
உருண்டை நடுக்கோட்டை இடமிருந்து வலம் தாண்டும்போதெல்லாம்
அச்சுப்பொறி ஒரு நட்சத்திரம் குத்த வேண்டும்.

ஆற்றல் மாறாது.
அது கறுப்பு ரொட்டி மாதிரி,
எந்தக் கிண்ணத்துக்கும் கேட்காமலே கிடைக்கும்.
நான் தேடியது இரண்டாவது ஒன்றை:
இடமும் உந்தமும் கலந்த இன்னொரு கோவை,
உருண்டை எப்படிப் புரண்டாலும்
தன் மதிப்பை விட்டுக்கொடுக்காதது.
இருந்தால் நட்சத்திரங்கள் கோடாகக் கோத்துக்கொள்ளும்.
இல்லையென்றால்
நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த கதை.

ஒன்றில் கோடு. ஆறில் கோடு.
ஏன் ஒன்று, ஏன் ஆறு என்று கேட்டால்
நிறுவனத்தில் எல்லோரும்
தேநீர் ஆறுகிறது என்பார்கள்.

நவம்பரில் ஏழு அகப்பட்டது.
கோடு, மயிரிழை பிசகாமல்.
சால்மேயை எழுப்பித் தொலைபேசியில் சொன்னேன்.
மறுநாள் கேக் வாங்கி வந்தாள்.
ஏழுக்காகவே வெட்டினோம், ஏழு துண்டுகளாக;
அதற்கே பாதி மதியம் போயிற்று.
இரவு, வெறும் பெருமைக்காக,
ஆற்றலைக் கொஞ்சம் கூட்டினேன்.
கோடு முதலில் தடித்தது.
பிறகு அங்கங்கே பிய்ந்தது.
மூன்று மணிக்குத் தாள் முழுக்க நெல்லிக்காய்.

குறைந்த ஆற்றலில் எல்லாக் கிண்ணமும் யோக்கியம்தான்.
மெதுவாக உருள்கிறவனிடம்
யார் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?
சால்மேயிடம் கேக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்க மாட்டேன் என்றாள். வாங்கிக்கொண்டாள்.

பதினாறை ஒரு கோபத்தில்தான் போட்டேன்.
ஒரு பக்கம் ஒருமுறை ஆடுவதற்குள்
மறுபக்கம் நான்குமுறை ஆடும் கிண்ணம்.
கோடு.
கூட்டினேன். கோடு.
உருண்டை விளிம்பைத் தொட்டுத் திரும்பும் அளவுக்குக் கூட்டினேன்.
கல்யூ எழுந்துவந்து பார்த்து
"பூவேலை நன்றாயிருக்கு" என்றார்.

படத்தை யார் நம்புவார், ஏழுக்குப் பிறகு?
கையால் போட உட்கார்ந்தேன்.
தாளுக்குத் தட்டுப்பாடு; பால் கணக்கின் முதுகில் எழுதினேன்.
உந்தத்தின் இரண்டாம் படியில் தேடினால் ஒன்றுமில்லை.
நான்காம் படிக்கு ஏறினேன்.
தெரியாத குணகங்களை வரிசையாக நிறுத்தி
காலத்தோடு வகையிட்டு
ஒவ்வோர் உறுப்பையும் அதன் எதிரியோடு அடித்தேன்.
எட்டு நாள்.
ஒரு கழித்தல் குறியைத் தொலைத்ததில் மூன்று நாள், அதற்குள் அடக்கம்.
கடைசியில் மிஞ்சிய ஓர் உறுப்பு
என்னை முறைத்துக்கொண்டே இருந்தது,
அதன் குணகத்தில் பதினாறைப் போடும்வரை.
பூஜ்யம்.

அந்த இரவு யாரையும் எழுப்பவில்லை.
மை காயட்டும் என்று தாள்களைப் புரட்டி அடுக்கியபோது
மறுபக்கம் கண்ணில் பட்டது.
ஜனவரி, வந்த பாலுக்கும் போன பாலுக்கும் வித்தியாசம்: நாற்பது லிட்டர்.
மார்ச், நாற்பது.
மாடுகள் கன்று போட்ட மே மாதம் பால் இரட்டிப்பு: நாற்பது.
வறண்ட ஆகஸ்டில் பாதி மாடு மடி வற்றியது.
நாற்பது.
சிந்துகிற பால் இவ்வளவு ஒழுங்காகச் சிந்தாது.

நிலைக்கண்ணாடிபோல் இருந்த அந்த எண்ணை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதைத் தேடி யாரும் ஒரு நட்சத்திரமும் குத்தவில்லை.

"இன்னொரு கோப்பை?" என்றார் கல்யூ.
அவர் தங்கை வோருவில், பால் நிலையத்தில் எழுத்தர்.
நீட்டினேன்.
தாராளமாக ஊற்றினார்.